பட்டியலில் காணாமல் போன மனோகரன்

சில வருஷங்களுக்கு முன் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு உறுப்பினர் பட்டியல் அச்சிடும் நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். அகரவரிசையில் அச்சிட்டு வாசல் சுவரில் ஒட்டினார்கள். மறுநாள் நான் அங்கே இருந்தபோது ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்தார். மனோகரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் பட்டியலை முதலிலிருந்து படிக்கவில்லை. 'மா' எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, அதற்கு மேலே விரலை வைத்தார். மலர்விழி, மல்லிகா, மழவராயன், அடுத்த வரியிலேயே மாடசாமி. இரண்டு முறை பார்த்தார். "தம்பி, என் பேர் விட்டுப்போச்சே, போன வருஷம் இருந்துச்சே" என்றார்.

பெயர் விடுபடவில்லை. மதியழகனுக்கும் மரகதத்துக்கும் நடுவில், முந்தின தாளில் இருந்தது. காட்டினேன். அவர் முகத்தில் நிம்மதி வந்தது, கூடவே ஒரு கேள்வியும் வந்தது. "னகரம் கடைசி எழுத்தாச்சே, ரகரத்துக்கு முன்னாடி எப்படி வந்துச்சு?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. வரிசைப்படுத்தும் வேலையைக் கணினியிடம் விட்டால் அது சரியாகத்தான் செய்யும் என்று நம்பியிருந்தேன். அவர் வாய்விட்டுக் கேட்டதால் விஷயம் தெரிந்தது. பெயர் இல்லை என்று நினைத்துப் பேசாமல் திரும்பிப் போனவர்களை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது. தமிழில் பட்டியல் தயாரிக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எழுத்துகளுக்கு எண் தரும் உலகப் பொதுக் குறிமுறையான யுனிகோடில் ந 2984, ன 2985, ப 2986, ர 2992, ற 2993, ல 2994, ள 2995, ழ 2996, வ 2997. வேறு எதுவும் சொல்லாமல் 'வரிசைப்படுத்து' என்றால் பெரும்பாலான நிரல்மொழிகள் இந்த எண்களைத்தான் ஒப்பிடும். ஆகவே மனை, மறை, மலை, மழை என்று வரும். நம் அகராதி வரிசையோ மலை, மழை, மறை, மனை. நான்கில் ஒன்றுகூடத் தன் இடத்தில் இல்லை.

இந்த எண்கள் ஏன் இப்படி அமைந்தன? 1988இல் வந்த இஸ்கி என்ற இந்தியக் குறிமுறையின் அடுக்கைத்தான் யுனிகோடு எடுத்துக்கொண்டது. எல்லா இந்திய எழுத்துமுறைகளையும் தேவநாகரிக்கு இணையாக, ஒரே சட்டகத்தில் வைத்த அடுக்கு அது. அதில் னகரம் நகரத்துக்குப் பக்கத்திலும், றகரம் ரகரத்துக்குப் பக்கத்திலும், ழகரம் ளகரத்துக்குப் பக்கத்திலும் போய் உட்கார்ந்தன. ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் நுழைந்தது. இதை யுனிகோடின் தவறு என்று நான் சொல்லமாட்டேன். குறியெண் என்பது எழுத்தைச் சேமித்து வைக்கும் முகவரி. அதையே அகரவரிசையாக எடுத்துக்கொண்டது நம் தவறு.

எழுத்து இடம் மாறுவதாவது ஓரளவு கண்ணில் படும், புள்ளி செய்யும் குழப்பம் சட்டென்று படாது. அக்கா, அகம் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். க் முதலில், பிறகு க, கா, கி என்பது அகராதி வழக்கம். அதன்படி அக்கா முந்தி, அகம் பிந்தி. ஆனால் யுனிகோடில் க் என்று தனி எழுத்து கிடையாது. க போட்டு, அதன் பின்னால் புள்ளி. புள்ளியின் எண் 3021, அகத்தில் அதே இடத்தில் நிற்கும் மகரத்தின் எண் 2990. எண்ணை மட்டும் பார்த்தால் அகம் முந்திவிடும். மல்லிகாவுக்கு மேலே மலர்விழி போனதும் இப்படித்தான். புள்ளி வைத்த மெய் தமிழ்ச் சொற்களில் அடிக்கடி வரும் என்பதால் பட்டியல் முழுக்க இந்தப் பிசகு பரவியிருக்கும்.

தீர்வு நம் எழுத்துக்கணக்கிலேயே இருக்கிறது. உயிர் 12க்கும் 1 முதல் 12 வரை எண் கொடுங்கள். ஆய்தம் 13. அப்புறம் ஒவ்வொரு மெய்க்கும் 13 இடம்: முதலில் புள்ளி வைத்தது, பிறகு பன்னிரண்டு உயிர்மெய். க் 14, க 15, கா 16, கௌ 26, ங் 27 என்று போனால் கடைசியில் ன் 235, னௌ 247. சின்ன வயதில் மனப்பாடம் செய்த அதே 247! சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்து இந்த எண்களை ஒப்பிட்டால் மலை 132-179, மழை 132-205, மறை 132-231, மனை 132-244. கிரந்த எழுத்துகளை 247க்குப் பின்னால் அடுக்கலாம். பள்ளி மாணவருக்கு நிரலெழுதச் சொல்லித்தரும்போது இதைத்தான் முதல் பயிற்சியாகக் கொடுப்பேன்.

(எழுத்துக்கு ஒரு எண் என்ற இந்த யோசனையையே குறிமுறையாகச் செய்ததுதான் டேஸ்16. 2010இல் தமிழ்நாடு அரசு யுனிகோடோடு அதையும் ஏற்று ஆணையிட்டது. நல்ல யோசனைதான். ஆனால் உலகத்துக் கைபேசிகளும் இணையமும் யுனிகோடில் ஓடும்போது, சேமிப்பதை யுனிகோடிலேயே வைத்துக்கொண்டு வரிசை விதியை மட்டும் தனியாகச் சேர்ப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் கருத்து.)

தொழில்முறை வேலைக்கு இதை நீங்களே எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு மொழியின் வரிசை விதியையும் யுனிகோடு அமைப்பின் சிஎல்டிஆர் என்ற தொகுப்பு வைத்திருக்கிறது, ஐசியு என்ற நிரல் நூலகம் அதைச் செயல்படுத்துகிறது. ஜாவாஸ்கிரிப்டில் வெறும் சார்ட் (sort) போடாமல், தமிழ் மொழிக்குறி (ta) கொடுத்து இன்டல் கொலேட்டரைப் (Intl.Collator) பயன்படுத்துங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 10ஆம் பதிப்பிலிருந்து ஐசியு கொலேஷன், அதாவது வரிசை விதி, இருக்கிறது. பைத்தானில் ஐசியுவை இணைக்கலாம், அல்லது ஓப்பன்-தமிழ் நூலகத்தில் சொற்களை ஒப்பிடும் செயல்பாடு இருக்கிறது. எஸ்கியூலைட் டேட்டாபேஸ் நீங்கள் ஏதும் சொல்லாவிட்டால் சேமித்த எண்களைத்தான் (பைட்) ஒப்பிடும், அதில் கவனமாக இருங்கள்.

மொழியைக் குறிப்பிட்டுச் சொல்லவேண்டிய தேவை தமிழுக்கு மட்டும் உள்ளதல்ல. தலையில் இரண்டு புள்ளி வைத்த ரோமன் ஏ எழுத்தை (ä) ஜெர்மன் அகராதி சாதாரண ஏயோடு சேர்க்கும். ஸ்வீடன்காரர்கள் அதை இசட்டுக்குப் பிறகு வைப்பார்கள். ஸ்பானிய மொழியில் 'சிஎச்' தனி எழுத்தாக வரிசையில் நின்றது. 1994இல்தான் அந்த வழக்கத்தை அவர்களுடைய மொழிக் கழகங்கள் கைவிட்டன. எழுத்து ஒன்றாக இருந்தாலும் எந்த மொழிக்காரருக்கான பட்டியல் என்று தெரியாமல் வரிசை கிடையாது.

விதி சரியாக இருந்தாலும் தரவு கெட்டிருந்தால் பயனில்லை. கௌரி என்ற பெயரைப் பலர் கெளரி என்று, அதாவது ஒற்றைக்கொம்பு, க, அப்புறம் ளகரம் என்று தட்டச்சிடுகிறார்கள். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு இரண்டாவது பெயர் கெ-ள-ரி. வரிசையிலும் வேறு இடம், தேடினாலும் கிடைக்காது. ஸ்ரீயும் அப்படித்தான். 2005இல் ஶ என்ற எழுத்து யுனிகோடில் சேர்ந்த பிறகு அதை இரண்டு விதமாக எழுத முடிகிறது, பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. கொ, கோ, கௌ ஆகியவற்றின் குறியை ஒரே துண்டாகவும் சேமிக்கலாம், இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். இதை மட்டும் யுனிகோடின் இயல்பாக்கமே, அதாவது ஒரே எழுத்தின் பல வடிவங்களை ஒன்றாக்கும் விதியே, சரிசெய்துவிடும். முதல் இரண்டையும் நீங்கள்தான் தேடித் திருத்த வேண்டும். பெயர் உள்ளே வரும் வாசலிலேயே திருத்திவிடுவது நல்லது. பத்து வருஷத் தரவில் இதைத் தேடிய அனுபவத்தில் சொல்கிறேன்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய சிக்கல், தலைப்பெழுத்து. மு. கண்ணன் என்று ஒரே கட்டத்தில் பதிந்திருந்தால் கண்ணன் மகர வரிசைக்குப் போய்விடுவார். தலைப்பெழுத்துக்குத் தனிக் கட்டம் வையுங்கள். அதை எந்தக் கொலேஷனும் செய்து தராது.

இன்னொரு எச்சரிக்கை டேட்டாபேஸ் பார்ப்பவர்களுக்கு. வரிசை விதிகளும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். 2018இல் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு வந்தபோது விதிகள் பெரிய அளவில் மாறின. அதை நம்பிக் கட்டப்பட்ட போஸ்ட்கிரெஸ் இண்டெக்ஸ்கள் (தேடலுக்கான அட்டவணைகள்), இருக்கும் வரியையே இல்லை என்று சொல்லும் நிலைக்குப் போயின. வரிசைப்படுத்திய விதி ஒன்று, தேடும் விதி வேறொன்று என்றால் அப்படித்தான் ஆகும். ஆசிரியரின் விரலுக்கு நேர்ந்ததும் அதேதான். இயங்குதளத்தை மேம்படுத்தினால் இண்டெக்ஸை மறுபடி கட்டுங்கள்.

அந்தச் சங்கத்துப் பட்டியலை அந்த வாரமே திருத்தி ஒட்டினோம். அன்றிலிருந்து புதிய கணினி, புதிய டேட்டாபேஸ், புதிய பதிப்பு எது வந்தாலும் முதலில் ஒரு சின்னக் கோப்பைக் கலைத்துப் போட்டு ஓட்டிப் பார்க்கிறேன். அதில் இருப்பவை இவை: அஃது, அக்கா, அகம், கொடி, கௌரி, மரம், மலை, மழை, மறை, மனை, ஜன்னல். பதினொன்றும் இதே வரிசையில் திரும்பி வந்தால்தான் பட்டியல் அச்சுக்குப் போகும்.