சக்கரத்துக்குள் உறுமல்: கார் பேரிங் எப்படிக் கெடுகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி மாற்றுவது

வண்டி 40ஐத் தாண்டியதும் தரைக்கு அடியிலிருந்து ஒரு முனகல் கிளம்புகிறது. 60இல் அது உறுமலாகிறது. 80 போனால் பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருக்கிறது. பலரும் இதை டயர் சத்தம் என்று எடுத்துக்கொண்டு, இரண்டு டயரை மாற்றிவிட்டு, அதே சத்தத்தோடு வீடு திரும்புகிறார்கள். உண்மையில் அது பேரிங்காக இருக்கலாம், அதாவது இரண்டு வளையங்களுக்கு நடுவே இரும்புக் குண்டுகள் உருள, சக்கரத்தை லேசாகச் சுழலவிடும் பாகம். டயருக்குப் பணம் கொடுக்கும் முன்பே சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். வண்டியின் எடை எந்த நேரத்தில் எந்தச் சக்கரத்தின் மேல் ஏறுகிறது என்று தெரிந்தால் போதும்.

முதலில் எஞ்சினை விலக்கிவிட வேண்டும். முன்னும் பின்னும் வண்டி இல்லாத இடத்தில் 60இல் போகும்போது கிளட்ச்சை மிதியுங்கள். எஞ்சின் வேகம் இறங்கும், வண்டியின் வேகம் அப்படியே இருக்கும். உறுமல் மாறவில்லை என்றால் அது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்றின் சத்தம். எஞ்சினை அணைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது வேண்டவே வேண்டாம், பிரேக்கும் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும்.

அடுத்தது டயர். டயர் சத்தம் சாலையைப் பொறுத்தது. மதுரையில் இதைச் சோதிக்க நல்ல இடம் தல்லாகுளத்திலிருந்து செட்டிகுளம் வரை போகும் நத்தம் சாலைப் பறக்கும் பாலம். 7.3 கி.மீ. நீளம், 2023இல் திறந்தது. கீழே சொரசொரப்பான சாலையில் ஒரு சத்தம், மேலே ஏறியதும் வேறு சத்தம் என்றால் டயரைச் சந்தேகப்படலாம். இரண்டிலும் ஒரே சுருதியில் உறுமினால் பேரிங்தான்.

இடதா வலதா என்பதை வளைவு காட்டிக் கொடுக்கும். நீண்ட இடது வளைவில் திரும்பும்போது வண்டியின் எடை வலது பக்கச் சக்கரங்களுக்குப் போகிறது. அப்போது சத்தம் கூடி, வலது வளைவில் அடங்கினால், பெரும்பாலும் கெட்டது வலது பேரிங். 'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம் இருக்கிறது. இப்போதைய கார் பேரிங்கில் குண்டுகள் இரண்டு வரிசை. எந்த வரிசையின் தடம் (குண்டுகள் உருளும் பாதை) கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து இது தலைகீழாகவும் கேட்கலாம். அதனால் காது சொல்வதைக் கை உறுதிப்படுத்த வேண்டும்.

சரி, ஏன் உறுமுகிறது? 145/80 ஆர் 12 டயர் போட்ட ஒரு சின்னக் காரை எடுத்துக்கொள்வோம். அதன் சக்கரம் 1 கி.மீ. ஓட ஏறக்குறைய 590 சுற்று சுற்ற வேண்டும். 60 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர், அதாவது வினாடிக்குச் சுமார் 10 சுற்று. உள் வளையம் ஒரு முழுச் சுற்றுப் போகும் நேரத்தில் குண்டுகள் அரைச் சுற்றைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் நகரும். ஒரு வரிசையில் 12 குண்டு என்று வைத்துக்கொண்டால், வெளி வளையத்தில் இருக்கும் ஒரே ஒரு பள்ளத்தின் மேல் வினாடிக்குச் சுமார் 50 குண்டுகள் ஏறி இறங்குகின்றன. அந்த 50 தட்டல்களும் ஒன்றாகக் கலந்து, சக்கரம் வழியாக, சஸ்பென்ஷன் வழியாக, வண்டியின் தகட்டுக்கு வந்து சேர்கின்றன. வேகம் கூடக் கூட சுருதி ஏறுவதும் இதனால்தான்.

அந்தப் பள்ளம் எப்படி வந்தது என்பது எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி. குண்டும் தடமும் தொடும் இடம் கண்ணுக்கு ஒரு புள்ளி அளவுதான். அவ்வளவு சின்ன இடத்தில் எவ்வளவு அழுத்தம் பிறக்கும் என்று 1880களின் தொடக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். பின்னாளில் மின்காந்த அலைகளைச் சோதனையில் பிடித்துக் காட்டிய அதே ஹெர்ட்ஸ். அவருடைய கணக்கை நீட்டிப் பார்த்தால் ஆச்சரியமான ஒன்று கிடைக்கிறது: இரும்பைக் கிழிக்கப் பார்க்கும் விசை மேற்பரப்பில் உச்சத்தில் இல்லை, மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. விரிசல் உள்ளேதான் பிறக்கிறது. 50,000 கி.மீ. ஓட்டம் என்றால் ஏறக்குறைய 3 கோடிச் சுற்று. அத்தனை முறை அழுந்தி விடுபட்டு, விரிசல் மெல்ல மேலே வந்து, ஈரம் ஏறிய சுவரில் பூச்சு பெயர்வதுபோல ஒரு செதில் பெயர்ந்து விழுகிறது. அந்தச் செதில் கிரீஸில் கலந்து மற்ற இடங்களையும் அரைக்கிறது. முனகல் உறுமலாக மாறுவது இந்தக் கட்டத்தில்தான்.

குண்டு பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஐந்து பேர் போகவேண்டிய வண்டியில் எட்டுப் பேரை ஏற்றி அழகர்கோவில் போவதையும், உயரமான வேகத்தடையில் பிரேக் போடாமல் விழுவதையும் பேரிங் இந்தக் கணக்கில்தான் வாங்கிக்கொள்கிறது. அப்புறம் தண்ணீர். ஓடிச் சூடான ஹப் (சக்கரம் மாட்டப்படும் நடுப்பாகம்) வைகைத் தரைப்பாலத்துத் தண்ணீரில் இறங்கும்போது சட்டென்று குளிர்கிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பேரிங்கை மூடியிருக்கும் சீல் தேய்ந்திருந்தால் அதன் உதட்டு வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் புகுந்த கிரீஸ் குண்டையும் தடத்தையும் பிரித்துவைக்கும் வேலையைச் சரியாகச் செய்யாது. துருவும் சேர்ந்துகொள்ளும்.

இனி ஜாக்கி. கெட்டியான, சமமான தரை வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சந்தேகத்துக்குரிய முன்பக்கச் சக்கரத்தைத் தூக்குங்கள். வண்டி ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூட வைக்கக் கூடாது. சக்கரத்தைக் கடிகார முகப்பாக நினைத்து, 12 மணியிலும் 6 மணியிலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் அல்லது சஸ்பென்ஷனின் கீழ் மூட்டான பால் ஜாயின்ட். 3 மணி, 9 மணியில் மட்டும் ஆடினால் ஸ்டீயரிங்கின் திருப்பலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியான டை ராடைப் பாருங்கள். ஆட்டமே இல்லாமலும் பேரிங் கெட்டிருக்கும். அப்போது ஒரு கையால் காயில் ஸ்பிரிங்கைத் தொட்டுக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். நல்ல பேரிங் கைக்கு ஒன்றும் சொல்லாது. கெட்டது ஸ்பிரிங்கில் மணல் அரைபடுவதுபோல் உணரப்படும். காதுக்கு எட்டாததுகூட விரலுக்கு எட்டிவிடும்.

மாற்றும் வேலை வண்டியைப் பொறுத்தது. ஹப்பும் பேரிங்கும் ஒரே துண்டாகப் போல்ட்டில் நிற்கும் வண்டி என்றால், கருவியும் பொறுமையும் உள்ளவர் வீட்டிலேயே முடித்துவிடலாம். நம் ஊரில் அதிகம் ஓடும் சின்னக் கார்கள் பலவற்றில் முன் பேரிங், சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டான நக்கிளுக்குள் இறுக்கமாக அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். அதற்கு என் யோசனை: கழற்றுவதும் மாட்டுவதும் வீட்டில், அழுத்துவது பிரஸ் உள்ள லேத் பட்டறையில்.

ஹப்பின் நடுவில், ஆக்சில் தண்டின் நுனியில் இருக்கும் ஆக்சில் நட்டை, சக்கரம் தரையில் நிற்கும்போதே லேசாக நெகிழ்த்திவிட வேண்டும். பிரேக் காலிப்பரை (டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) கழற்றினால் கம்பி போட்டு ஸ்பிரிங்கில் தொங்கவிடுங்கள். பிரேக் ஆயில் போகும் ஹோஸில் தொங்கக் கூடாது. நக்கிளை ஸ்ட்ரட்டோடு (ஸ்பிரிங்கைத் தாங்கும் தூண்) பிணைக்கும் போல்ட் இருந்த இடத்தைக் கழற்றும் முன் பெயின்ட்டால் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து அலைன்மென்ட் பார்க்கத்தான் வேண்டும் என்றாலும், அதுவரை வண்டி நேராக ஓடும்.

பட்டறையில் நீங்கள் கூட நிற்பது நல்லது, ஏனென்றால் புது பேரிங்கின் ஆயுள் அந்தப் பத்து நிமிடத்தில் தீர்மானமாகிறது. நக்கிளுக்குள் ஏற்றும்போது அழுத்தம் வெளி வளையத்தின் மேல் மட்டும் விழ வேண்டும். ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்துக்கு அடியில் முட்டு கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் டன் கணக்கான விசை குண்டுகள் வழியாகப் போகும். குண்டின் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நிரந்தரமாக அமுங்கினாலே அதைத் தாங்கும் எல்லையாகப் பேரிங் கணக்கில் வைத்திருக்கிறார்கள். 10 மி.மீ. குண்டுக்கு அது வெறும் 1 மைக்ரான். சுத்தியலால் அடித்து இறக்கினால் இந்த எல்லை எங்கோ பின்னால் போய்விடும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், உள்ளே ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு சொட்டை விழுந்திருக்கும். புதுசு போட்டும் சத்தம் போகவில்லை என்ற புகார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

குளிர் இங்கே கொஞ்சம் உதவும். 72 மி.மீ. விட்டமுள்ள பேரிங்கைப் பிரிக்காத உறையோடு பாலிதீனில் சுற்றி ஃப்ரீசரில் வைத்து, 32 டிகிரியிலிருந்து மைனஸ் 18க்குக் கொண்டுபோனால் அது சுமார் 0.04 மி.மீ. சுருங்கும். நக்கிளைச் சித்திரை வெயிலில் போட்டுவைத்தால் அது கொஞ்சம் விரியும். பிரஸ் வேண்டாம் என்று ஆகாது, ஆனால் வளையம் கோணாமல் நேராக இறங்கும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்கச் சீலில் காந்தப் பட்டை இருக்கும். அந்தப் பக்கம் சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரை நோக்கி இருக்க வேண்டும், திருப்பி வைத்தால் எச்சரிக்கை விளக்கு அணையாது. பேரிங் நழுவாமல் பிடிக்கும் வளையமான சர்க்கிளிப் அதன் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்ததா என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

ஆக்சில் நட் புதிதாகத்தான் போட வேண்டும். அதன் இறுக்கம்தான் இரண்டு உள் வளையங்களையும் சேர்த்துப் பிடித்துக் குண்டுகளுக்குச் சரியான அணைப்பைக் கொடுக்கிறது. சின்னக் கார்களில் இது 200 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும், அதாவது ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் சுமார் 20 கிலோவைத் தொங்கவிட்ட முறுக்கு. உங்கள் வண்டிக்கான எண்ணை சர்வீஸ் கையேட்டில் பார்த்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் வையுங்கள். இந்த நட் இறுகாமல் வண்டியைத் தரையில் இறக்கி உருட்டினால் புது பேரிங் அங்கேயே காயப்படும். அதனால் இன்னொருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, சக்கரம் தூக்கிய நிலையிலேயே இறுக்கிவிட்டு, பிறகு இறக்குங்கள். சக்கர நட்டுகளை 50 கி.மீ. ஓடியபின் மறுபடி இறுக்கம் பாருங்கள். அன்றே, அதிகம் பிரேக் போடாமல் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, இடது வலது ஹப் இரண்டின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மாற்றிய பக்கம் மட்டும் கொதித்தால், வண்டியை ஓட்டாமல் நட்டையும் பிரேக்கையும் திரும்பப் பிரித்துப் பார்க்க வேண்டும்.