விமானத்திலிருந்து இறங்கி வந்த பிலிம்

கறுப்பு வெள்ளை பிலிம் வாங்கப் போனால் இன்று எக்கச்சக்கமான பெயர்கள். ஆனால் பிலிமைப் பூசும் ஆலைகள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. ஒளியைப் பதியும் வெள்ளி உப்பு கலந்த மெல்லிய ஜெலட்டின் அடுக்குகளை, ஒரு பிளாஸ்டிக் அடித்தளத்தின் மேல், இருட்டில், தூசி விழாமல், நூற்றுக்கணக்கான மீட்டருக்கு ஒரே சீராகப் பூச வேண்டும். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஊட்டியில் அமைந்ததற்கு அங்கிருந்த தூசில்லாத காற்றும் ஒரு காரணம். அதனால் புதுப் பெயர்களில் பல, வேறொருவர் பூசிய பிலிமை வாங்கி, வெட்டி, தன் பெட்டியில் போட்டு விற்பவை. இதை ஏமாற்று என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த வழி இல்லையென்றால் சில அருமையான பிலிம்கள் நம் கேமராவுக்குள் வந்தே இருக்காது.

ரோலை ரெட்ரோ 80எஸ் (Rollei Retro 80S) என்ற பிலிம் அப்படி ஒன்று. பெல்ஜியத்தின் மோர்ட்செலில் இருக்கும் அக்ஃபா-கேவர்ட், விமானத்திலிருந்து நிலத்தைப் படமெடுக்கத் தயாரித்த அவிஃபோட் வகை பிலிம் அது.

வெள்ளி உப்புப் படிகங்களுக்கு இயல்பாக நீலமும் புற ஊதாவும்தான் தெரியும். சாயம் சேர்த்தால் மற்ற நிறங்களும் பதியும் என்பதை 1873இல் ஹெர்மன் ஃபோகல் கண்டுபிடித்தார். சாதாரண பிலிமின் பார்வை ஏறத்தாழ 650 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது சிவப்பில், மங்கிவிடும். ரெட்ரோ 80எஸ் 750 வரை, அதாவது அகச்சிவப்பின் வாசல் வரை பார்க்கும். காற்றில் மிதக்கும் மூட்டம் நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கிறது. சிவப்பு ஓரளவு நேராக வந்து சேரும். அதனால் உயரத்திலிருந்தும் வயலின் வரப்பு தெளிவாக விழும்.

அதே பிலிமில் ஒரு முகத்தை எடுத்துப் பாருங்கள். தோல் வெளுத்து வழவழப்பாகும், பருவும் தழும்பும் மறையும், உதடு நிறமிழக்கும். மேலிருந்து பார்க்கும் நிலத்தில் ஒளி வேறுபாடு குறைவு என்பதால் பிலிமின் கான்ட்ராஸ்ட்டை, அதாவது கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள வேறுபாட்டை, தூக்கி வைத்திருக்கிறார்கள். நம்மூர் உச்சி வெயிலில் அதுவே நிழலைக் கரியாக்கிவிடும். பிலிமின் வேகத்தை ஐஎஸ்ஓ 40 என்று வைத்து, டெவலப் நேரத்தைக் குறைத்தால் சரியாகும். அப்புறம், அடித்தளம் பாலியெஸ்டர். பிலிமின் நுனியில் படும் ஒளி அதற்குள்ளேயே ஓடி முதல் சில படங்களைப் புகை படிந்தது போல மங்கலாக்கும். நிழலில் நின்றுதான் பிலிம் சுருளைக் கேமராவில் மாட்ட வேண்டும்.

அரிஸ்டா இடியு அல்ட்ரா இன்னொரு கதை. அமெரிக்காவில் விற்கும் இது, செக் குடியரசின் ஹிராடெட்ஸ் கிராலொவே நகரில் ஃபோமா நிறுவனம் தயாரிக்கும் ஃபோமாபான்தான். பெட்டி மாறினாலும் குணம் காட்டிக்கொடுத்துவிடும், அதுவும் மங்கிய வெளிச்சத்தில். ஒரு படிகம் டெவலப் ஆக அதில் சில வெள்ளி அணுக்கள் ஒன்று சேர வேண்டும். ஒளித்துகள்கள் இடைவெளி விட்டு வந்தால், அடுத்தது வருவதற்குள் முதல் அணு கலைந்துபோகும். எல்லா பிலிமிலும் இந்த இழப்பு உண்டு, ஃபோமாவில் அது அதிகம். ஃபோமாபான் 100இல், ஒளியை அளக்கும் லைட் மீட்டர் 1 விநாடி என்றால் 2 விநாடி தர வேண்டும். 10 என்றால் 80. 100 என்றால் 1600. அரிஸ்டாவில் இரவுக் காட்சி எடுப்பவர்களும் ஃபோமா தரும் இந்த அட்டவணையையே பார்த்துக்கொள்ளலாம்.