அல்சர் ஆற ஆக்சிஜன் அறை எதற்கு?

வயிற்றுப்புண்ணுக்கு உயர் அழுத்த ஆக்சிஜனும் (காற்றழுத்தம் கூட்டிய மூடிய அறையில் தூய ஆக்சிஜனைச் சுவாசிப்பது) வைட்டமின் சி-யும் சேர்த்துத் தந்தால் சீக்கிரம் ஆறுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சோவியத் மருத்துவர்கள் அல்சருக்கு இந்த அறையைப் பயன்படுத்தியதுண்டு. புண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி, இல்லையென்றால் ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகள். இது தெரிந்த கதைதான்.

சாதாரணமாகவே, சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் நம் ஹீமோகுளோபின் 97 சதவீதம் ஆக்சிஜனால் நிறைந்திருக்கிறது. அதில் இன்னும் ஏற்ற இடமில்லை. அழுத்தம் கூடினால், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் நேரடியாகக் கரையும் ஆக்சிஜன்தான் கூடும். சாதாரணக் காற்றில் 100 மி.லி. ரத்தத்துக்கு 0.3 மி.லி. கரைந்திருக்கும், 3 வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் சுமார் 6 மி.லி. ஆகும். ஓய்வில் இருக்கும் உடலுக்கு ஏறக்குறைய அதுவே போதும். ஆம்ஸ்டர்டாமில் போரெமா என்ற அறுவை மருத்துவர் 1960-இல், சிவப்பணுக்களை அநேகமாக முழுவதும் நீக்கிய பன்றிகளை இப்படி உயிரோடு வைத்திருந்தார். புண்ணின் அடியில் வீங்கி நெரிந்த நுண்குழாய்களில் சிவப்பணு நுழையத் திணறும். பிளாஸ்மாவோ ஆக்சிஜனோடு அங்கேயும் நுழைந்துவிடும்.

அங்கே போன ஆக்சிஜன் செய்யும் வேலைதான் அழகு. புண்ணை மூடும் கொலாஜன் என்ற புரதம் மூன்று புரிக் கயிறு. புரிகள் முறுக்கிக்கொண்டு நிற்க, அவற்றிலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தின் மீது ஒரு நொதி ஆக்சிஜன் அணுவை ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் உடல் வெப்பத்திலேயே முறுக்கு அவிழ்ந்துவிடும். அந்த நொதியின் நடுவில் இருக்கும் இரும்பு அவ்வப்போது ஆக்சிஜனேற்றமடைந்து முடங்கும். அதை மீட்டுத் தருவது வைட்டமின் சி. ஆக ஆக்சிஜன் மூலப்பொருள், வைட்டமின் பராமரிப்பாளர். இரண்டில் எது குறைந்தாலும் தழும்பு பலவீனம்தான்.

வழக்கமான அமர்வில் 2 முதல் 2.5 வளிமண்டல அழுத்தம், சுமார் 90 நிமிடம். ஆக்சிஜன் மிகுந்தால் வலிப்பு வரும் என்பதால் நடுவே 5 நிமிடம் சாதாரணக் காற்று தருவார்கள். அழுத்தம் ஏறும்போது காது அடைக்கும். எச்சில் விழுங்கியும் திறக்காவிட்டால் உடனே சொல்ல வேண்டும், சும்மா இருந்தால் செவிப்பறை கிழியலாம். நுரையீரல் உறைக்குள் காற்று சிக்கியவர்களை உள்ளே விடவே கூடாது. தீப்பற்றும் அபாயம் பெரிது: பருத்தி உடை மட்டும், தலையில் எண்ணெய், கையில் செல்போன் கூடாது.

ஆனாலும் அமெரிக்காவின் கடலடி, உயர் அழுத்த மருத்துவச் சங்கத்தின் அங்கீகாரப் பட்டியலில் நீரிழிவுக் கால்புண் உண்டு, வயிற்றுப்புண் இல்லை. காப்புரிமை கிடைக்காத ஆக்சிஜனில் மருந்து நிறுவனங்கள் பணம் போடாது. பெரிய பரிசோதனைக்கு அரசுதான் நிதி தர வேண்டும் என்பேன்.

வைட்டமின் மாத்திரை கிருமியைக் கொல்லாது. கிருமி இருக்கும்வரை இரைப்பை நீரில் வைட்டமின் சி குறைவாகவே இருக்கும்; கிருமி ஒழிந்தால் தானாக ஏறும். எனவே 14 நாள் ஆன்டிபயாடிக், அமிலக் குறைப்பு மாத்திரைகளை முழுதாக முடியுங்கள். ஆன்டிபயாடிக் முடிந்து 4 வாரமாவது கழித்து, அமிலக் குறைப்பு மாத்திரையை 2 வாரம் நிறுத்தியபின், கிருமி ஒழிந்ததா என்று மூச்சை வைத்துப் பார்க்கும் யூரியா மூச்சுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முன்னதாகச் செய்தால், கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும்.