ஆர்.சி.யில் ஏறாத அடி

போன ஐப்பசியில் ஒரு கிளைம் விஷயமாகச் சிங்காநல்லூர் பக்கம் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். வேலை முடிந்து கிளம்பும்போது மூலையில் நின்ற பிரீமியர் பத்மினி கண்ணில் பட்டது. பால் வெள்ளை, பளபளக்கும் குரோம் பம்பர், புது சீட் கவர். வாங்கி நாலு நாள்தான் ஆகிறது என்றார் சொந்தக்காரர். முப்பது வயதுகூட இருக்காது. தாத்தா வைத்திருந்த மாதிரியே ஒரு வண்டி வேண்டும் என்று இரண்டு வருடம் தேடியிருக்கிறார். 1975-இல் பதிவான வண்டி.

"அண்ணா, பிரேக் புடிச்சா ஒரு பக்கமா இழுக்குதுங்க. அலைன்மென்ட் பார்த்தாச் சரியாயிருமுங்களா?"

பையிலிருந்த டேப்பை எடுத்தேன். ஸ்டியரிங்கை நேராக நிறுத்தச் சொல்லிவிட்டு, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை வலது பக்கம் ஒரு தடவை, இடது பக்கம் ஒரு தடவை அளந்தேன். 19 மில்லிமீட்டர் வித்தியாசம். பானெட்டைத் தூக்கினேன். இடது பக்கம் உள் மட்கார்டு ஃபயர்வாலோடு, அதாவது எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டோடு, சேரும் இடத்தில், கம்பெனியில் வைத்த ஸ்பாட் வெல்டிங்கின் வட்டப் புள்ளிகளைக் காணோம். அந்த இடத்தில் கேஸ் வெல்டிங் ஓடிய தழும்பு, அதை மூடித் தடிப்பாகக் கறுப்பு அண்டர்கோட். வலது பக்கம் அதே இடத்தில் புள்ளிகள் வரிசையாக இருந்தன. பெரிய அடி வாங்கிய வண்டி அது. விற்றவர் "முன்னாடி சின்னதா ஒரு உரசல்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

இருபது வருடத்துக்கு மேலாக மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருக்கிறேன், விபத்தான வண்டியின் சேதத்தைப் பார்த்து மதிப்பிடுகிற வேலை. பழைய கார் மேல் ஆசைப்பட்டு, அடிபட்ட வண்டியை அடிபட்டது என்றே தெரியாமல் வாங்கி வந்து நிற்பவர்களை வருடத்துக்கு நாலைந்து பேராவது பார்க்கிறேன். ஆசையில் தப்பில்லை. அடிபட்ட வண்டியை வாங்குவதும் தப்பில்லை. தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். தெரிந்துகொள்ள நம் ஊரில் வழி குறைவு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 'சால்வேஜ் டைட்டில்' என்று ஒன்று உண்டு. விபத்தான காரைச் சரிசெய்வது கட்டுப்படியாகாது, டோட்டல் லாஸ் என்று இன்சூரன்ஸ் கம்பெனி முடித்துவிட்டால், பெரும்பாலான மாநிலங்களில் அதன் உரிமைப் பத்திரத்திலேயே அந்த முத்திரை ஏறிவிடும். அப்புறம் சரிசெய்து சோதனைக்குக் காட்டினால் 'மறுசீரமைத்தது' என்று மாறும். பழையபடி சுத்தமான பத்திரம் ஆகாது. மாநிலம் விட்டு மாநிலம் மாற்றி முத்திரையை மறைக்கிற ஆட்கள் அங்கேயும் இருக்கிறார்கள். ஆனாலும் கேட்டுப் பார்க்க ஒரு தேசியப் பதிவேடு இருக்கிறது.

நம் ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், அப்படி ஒரு கட்டமே இல்லை. நேற்று லாரிக்கு அடியில் போன வண்டியும், நாற்பது வருடம் ஷெட்டில் துணி போர்த்தி நின்ற வண்டியும் காகிதத்தில் ஒன்றுதான். பழைய கார் பலவற்றுக்கும் அடுத்தவர் நஷ்டத்துக்கு மட்டும் பணம் தரும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ்தான் இருக்கும். அந்த வண்டி மோதினால் அதன் சொந்தச் சேதத்துக்குக் கிளைம் கிடையாது, சர்வே கிடையாது, என்னைப் போன்ற ஒருவர் எடுத்த ஒரு போட்டோகூடக் கிடையாது. 'கிளைம் ஹிஸ்டரி சுத்தமாக இருக்கிறது' என்று யாராவது காட்டினால் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள்.

டோட்டல் லாஸ் எப்படி முடிவாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வார்த்தையைக் கேட்டே பலர் பயந்து ஓடுகிறார்கள். பாலிசியில் வண்டிக்கு ஒரு மதிப்பு போட்டிருக்கும், ஐ.டி.வி. என்பார்கள். ரிப்பேர் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு இந்த மதிப்பைக் கம்பெனியும் சொந்தக்காரரும் பேசித்தான் வைக்கிறார்கள். பிரீமியம் குறையட்டும் என்று ஒருவர் தன் அம்பாசிடருக்கு 1,00,000 ரூபாய் போட்டிருப்பார். ஒரு கதவு, ஒரு மட்கார்டு, முன் கண்ணாடி, பெயிண்ட் என்று எஸ்டிமேட் 80,000 வந்தால் கணக்குப்படி அது டோட்டல் லாஸ். வண்டியின் எலும்பு கெடவே இல்லை. அப்படிப்பட்ட வண்டிகள் நல்ல கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நானே விரும்பியதுண்டு.

பயப்பட வேண்டிய இடம் வேறு. டோட்டல் லாஸ் வண்டியை அடிபட்ட நிலையிலேயே எடுத்துக்கொள்பவர்களிடம் சால்வேஜ் விலை கேட்கும்போது நாங்கள் இரண்டு விலை வாங்குவோம்: ஆர்.சி.யோடு எவ்வளவு, ஆர்.சி. இல்லாமல் எவ்வளவு. ஆர்.சி.யோடு என்றால் விலை எகிறும். சரிசெய்து ஓட்ட நினைக்கும் நேர்மையான பட்டறைக்காரர் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுப்பார், நியாயம்தான். ஆனால் முன்பாதி நசுங்கி, கூரை மடிந்து, எடைக்குப் போட வேண்டிய வண்டிக்கும் ஆர்.சி.யோடு சேர்த்து நல்ல விலை சொல்ல ஆள் இருக்கிறது. அவருக்கு வேண்டியது வண்டி இல்லை. அந்தக் காகிதமும் அதில் இருக்கும் சேஸ் எண்ணும்தான், வண்டியின் தகட்டிலும் அடித்திருக்கும் அடையாள எண் அது. எங்கிருந்தோ திருடி வந்த அதே மாடல் வண்டியில் அந்த எண்ணைப் பொருத்திவிடுவார்கள்.

திரும்ப ஓடவே முடியாத அளவுக்கு அழிந்த வண்டி என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 55-ஆவது பிரிவுப்படி 14 நாளுக்குள் சொந்தக்காரர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும், பதிவு ரத்தாகும். செய்கிறவர்கள் சிலர்தான்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது சேஸ் எண். பெயிண்டை அப்புறம் ரசிக்கலாம். ஒரு வெள்ளைத்தாளும் மென்மையான பென்சிலும் போதும். எண் அடித்த இடத்தைத் துணியால் துடைத்து, தாளை ஒட்டிப் பிடித்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் அச்சு அப்படியே வரும். கம்பெனி அச்சில் எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே நேர்கோட்டில் இருக்கும். கையால் அடித்தால் ஒரு எண் ஆழமாக, ஒன்று லேசாக, ஒன்று கொஞ்சம் சாய்ந்து விழும். அரம் போட்டு அழித்திருந்தால் சுற்றுத்தகடு மெலிந்து, கண்ணுக்குத் தெரியாத கீறல்கூடப் பென்சிலில் கோடு கோடாக எழும்பும். அந்தத் தகட்டைச் சுற்றி வெல்டிங் ஓடியிருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். விலை பாதியாகக் குறைத்தாலும் வேண்டாம்.

சிங்காநல்லூரில் பார்த்த அந்தத் தம்பியின் பத்மினியில் எண் சுத்தமாக இருந்தது. அந்த அளவுக்கு அவருக்கு நல்ல நேரம்.

அடுத்தது, 'பழைய வண்டி இரும்பு மாதிரி, தட்டி எடுத்துடலாம்' என்ற பேச்சு. தகடு தடிமன் என்பது உண்மை. ஆனால் அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் லாரி மாதிரித் தனிச் சேஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. பாடித் தகடே மடிந்து, பெட்டியாகி, எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்குகிறது. முன்னால் வாங்கிய அடி அந்தப் பெட்டி வழியாகக் கதவுத்தூண் வரை போகும். அதை இழுத்து அளவுக்குக் கொண்டு வராமல், வெளித்தகட்டை மட்டும் டிங்கரிங் பார்த்துப் பட்டி தடவிவிட்டால் வண்டி பார்க்க அழகாக இருக்கும், நேராக மட்டும் ஓடாது. இந்தக் கார்களின் ஸ்டியரிங் தண்டு, இப்போதைய வண்டிகளில் போல மோதினால் மடங்கிக் கொடுப்பதில்லை. அடுத்த விபத்தில் அது நேராக நெஞ்சுக்கு வரும். இதைச் சொல்லும்போது சிலர் நான் பயமுறுத்துவதாக நினைக்கிறார்கள். விபத்தான பழைய வண்டிகளுக்குள் எட்டிப் பார்ப்பது என் தொழில். பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

அளந்து பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். சமதளத் தரையில் வண்டியை நிறுத்தி, முன்னும் பின்னும் இருபுறமும் ஒரே மாதிரியான நாலு இடங்களிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சாக்பீஸில் புள்ளி வையுங்கள். வண்டியைத் தள்ளிவிட்டு மூலைக்கு மூலை அளந்தால் இரண்டும் ஒத்துவர வேண்டும். ஒரு விரற்கடை மாறினாலே விசாரிக்க வேண்டும். கதவு இடைவெளி மேலே அகன்று கீழே குறுகியிருக்கிறதா பாருங்கள். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மட்கார்டு முழுக்க நகர்த்துங்கள். பிடி விடுகிற இடத்தில் பட்டி தடிப்பாக இருக்கிறது. டிக்கியின் ஸ்டெப்னி குழியையும் மறக்காதீர்கள், பின்னால் வாங்கிய அடியை யாரும் அங்கே மறைக்க மெனக்கெடுவதில்லை.

விண்டேஜ் நம்பர் ஆசை காட்டி விற்கிற பழக்கம் இப்போது புதிதாக வந்திருக்கிறது. தம்பியிடமும் "ஐம்பது வருஷம் ஆயிருச்சு, விண்டேஜ் நம்பர் வாங்கிக்கலாம்" என்று சொல்லித்தான் விலையை ஏற்றியிருக்கிறார்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டு வந்த விதி அது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி எண், கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. ஆனால் வயது மட்டும் போதாது. வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. மாநிலக் குழு ஒன்று வண்டியைப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்ளும். இன்னொரு வண்டியின் முன்பாதியை வெட்டி ஒட்டியது அந்தக் குழுவின் கண்ணில் பட்டால் என்ன சொல்வீர்கள்? அந்த எண் கிடைத்தாலும் கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பராமரிப்பு என்பவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் ஆபீஸ் போக முடியாது.

காகிதத்தில் இன்னொரு சிக்கல். பழைய கார்களின் ஆர்.சி. இறந்துபோன ஒருவர் பெயரிலேயே இருப்பது அடிக்கடி நடக்கும். விற்க வருபவர் பேரனாக இருப்பார், அல்லது பேரனிடம் வாங்கிய தரகர். கையெழுத்து மட்டும் போட்ட, பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களை நீட்டுவார்கள். இறந்தவர் எப்படிக் கையெழுத்துப் போட்டார்? முதலில் வாரிசு பெயருக்கு 31-ஆவது படிவத்தில் மாற்ற வேண்டும், அப்புறம்தான் உங்கள் பெயருக்கு. விற்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெயர் மாற்றாமல் கொடுத்த வண்டி மோதினால், நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் இருப்பவருக்குத்தான் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். மாற்றாவிட்டால் சொந்த வண்டிச் சேதத்துக்கு ஒரு பைசா வராது.

உதிரிபாகம் பற்றிச் சுருக்கமாக. பத்மினி உற்பத்தி நின்று இருபது வருடம் தாண்டிவிட்டது, அம்பாசிடர் நின்றது 2014-இல். தகடு வேலைக்குக் கைதேர்ந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஞ்சின் சாமானுக்குக் கோவையில் உக்கடம், சென்னையில் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு என்று அலைந்தால் கிடைத்துவிடும். நெளியாத கிரில், முன் கண்ணாடி, அதைச் சுற்றிய பீடிங், லேம்ப் வளையம் இவைதான் கிடைக்காது. விபத்தில் முதலில் போவதும் இவைதான். இருக்கிறதா இல்லையா என்று வாங்கும் முன் எண்ணிப் பாருங்கள்.

தம்பியின் பத்மினியைப் பெஞ்சில், அதாவது நெளிந்த பாடியை நேராக்கும் இரும்பு மேடையில், ஏற்றிச் சங்கிலி போட்டு இழுத்தார்கள். பழைய வெல்டிங்கைப் பிரித்துத் திரும்பச் செய்தார்கள். வாங்கிய விலையில் பாதிக்கு மேல் ஆனது. இப்போது நேராகப் பிரேக் பிடிக்கிறது, விண்டேஜ் நம்பர் எண்ணத்தை விட்டுவிட்டார்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து அவருடைய நண்பர் ஒருவர் கூப்பிட்டார். பொள்ளாச்சியில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, முன்பக்கம் அடிபட்டது, பார்க்க வர முடியுமா என்றார். ஹெரால்டு நம் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் செய்த வண்டி. அதற்குத் தனிச் சேஸ் உண்டு, பாடி துண்டு துண்டாக போல்ட் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கும். பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே பீஸாக முன்பக்கமாகத் திறக்கும். விற்றவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். நாங்கள் போய் உட்கார்ந்ததும் ஒரு ஃபைலை எடுத்து வைத்தார். புளியமரத்தில் மோதிய அன்றே எடுத்த பதினோரு போட்டோ, இழுத்துவந்த கிரேன் ரசீது, போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததன் நகல், 1969-இலிருந்து வரிசையாக வரி கட்டிய சீட்டுகள். "மோதினது நான்தாங்க, கண்ணு சரியாத் தெரியல" என்றார். தரையில் படுத்துச் சேஸை அளந்தேன். நெளிவு முன்முனையோடு நின்றிருந்தது, பென்சில் அச்சும் சுத்தம். விலை பேசும்போது நான் வாயைத் திறக்கவே இல்லை. வாங்கிக்கொள்ளுங்கள் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.