கிணற்றின் ஆழமும் பம்பின் விலையும்

சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ 5 சதவீதம் மட்டுமே பாசன வசதி பெற்றது. மீதி வானம் பார்த்த பூமி. வறண்ட கண்டம் என்று இதற்கு எளிதாகக் காரணம் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் விக்டோரியா ஏரியை ஒட்டிய மேற்குக் கென்யாவிலும், வடக்கு நைஜீரியாவில் ஃபதாமா எனப்படும் ஆற்றோரத் தாழ்நிலங்களிலும் பல இடங்களில் சில மீட்டர் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடுகிறது. அதை வயலுக்கு ஏற்றும் கருவிதான் சிறு விவசாயியின் கைக்கு எட்டாமல் இருந்தது.

ஒரு ஏக்கர் தக்காளிக்கு வெயில் மாதங்களில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் வேண்டும் என்று கொண்டால், அது சுமார் 20,000 லிட்டர். 20 லிட்டர் வாளியில் சுமந்தால் ஆயிரம் நடை. வாளியை நம்பியிருக்கும் குடும்பம் நாலு பாத்தி கீரையோடு நின்றுவிடுவது இதனால்தான். காலால் மிதிக்கும் பம்பு வினாடிக்கு ஒரு லிட்டர் இறைத்தால், இருவர் மாற்றி மாற்றி மிதித்து அதே நீரை ஆறு மணி நேரத்துக்குள் பாய்ச்சிவிடலாம்.

வங்கதேசத்தில் 1980களில் மூங்கில் மிதிகளோடு பரவிய இந்தப் பம்பு, நீரைத் தரைமட்டம் வரை ஏற்றினால் போதும் என்ற சமவெளிக்கு ஏற்றது. கென்யாவில் கிணறு பள்ளத்திலும் வயல் சரிவிலும் இருப்பதால், மேல்நோக்கிக் குழாய் வழியே நீரைத் தள்ளும் அழுத்தமும் தேவைப்பட்டது. மார்ட்டின் ஃபிஷரும் நிக் மூனும் 1991இல் நைரோபியில் தொடங்கிய அமைப்பு (இன்றைய பெயர் கிக்ஸ்டார்ட்) ‘மணிமேக்கர்’ வரிசைப் பம்புகளை இதற்காகவே வடிவமைத்து, இலவசமாக வழங்காமல் கடைகள் வழியே விற்றது. இது கல்நெஞ்சம் என்று விமர்சித்தவர்கள் உண்டு. காசு கொடுத்து வாங்கியவரே பழுது பார்க்கவும் முன்வருவார் என்பதால் அந்த முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது விலையைவிட ஆழம். உறிஞ்சும் பம்பு எதுவானாலும் காற்றழுத்தமே நீரை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் கணக்குப்படி 10.3 மீட்டர் வரும். நடைமுறையில் 7 மீட்டருக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுநில ஊர்களில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், 7 மீட்டர் இறைக்கும் என்று விளம்பரத் தாளில் அச்சிட்ட பம்பு அங்கே 5 மீட்டரிலேயே திணறும். ஆகவே கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி, நனைந்த இடம் வரை அளந்து பார்க்கும்படி சொல்வோம். மழை முடிந்த கையோடு அளந்தால் பயனில்லை. கென்யாவில் என்றால் பிப்ரவரிக் கடைசியில், நீர்மட்டம் அடியில் கிடக்கும்போது அளக்க வேண்டும்.

அடுத்தது உதிரிப்பாகம். மணல் கலந்த நீர் பிஸ்டனில் உள்ள வாஷரை வெகு சீக்கிரம் தேய்த்துவிடும். உறிஞ்சு குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வின் மேல் பழைய நைலான் துணியைக் கட்டினாலே அதன் ஆயுள் கூடும். அந்த வாஷர் பக்கத்துச் சந்தையில் கிடைக்காவிட்டால் பம்பின் மேல் கோழி அடையும். ஜிம்பாப்வேயில் 2000களில் தொண்டு நிறுவனங்கள் வழங்கிய வாளிச் சொட்டுநீர்க் கருவிகளில் பல சில பருவங்களிலேயே கைவிடப்பட்டன. துளைகள் அடைத்துக்கொண்டன, மாற்றுக் குழாய் கிடைக்கவில்லை, வாளியை நிரப்பத் தண்ணீர் சுமப்பதும் பெரும்பாலும் பெண்கள் தலையிலேயே விழுந்தது. இத்தகைய திட்டங்களுக்கு நன்கொடை தருபவர்கள், எத்தனை கருவிகள் கொடுத்தீர்கள் என்பதோடு, மூன்றாம் ஆண்டில் எத்தனை ஓடுகின்றன என்றும் கேட்க வேண்டும்.

சூரிய ஒளிப் பம்பு இப்போது பரவிவருகிறது. 2007இல் தொடங்கிய எம்-பெசா கைப்பேசிப் பணப் பரிமாற்றம் இல்லாமல் கென்யாவில் இது இந்த அளவுக்கு வந்திருக்காது. சன்கல்ச்சர் போன்ற நிறுவனங்கள் தவணையில் விற்க முடிவது அதனால்தான். ஆனால் தவணை தவறினால் பம்பைத் தொலைவிலிருந்தே நிறுத்திவைக்கும் ஏற்பாடு சில ஒப்பந்தங்களில் உண்டு. பூப்பிடிக்கும் நேரத்தில் நின்றால் மகசூலே போய்விடும் என்பதால், கையெழுத்திடும் முன் அந்தப் பிரிவைப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு: மிதி பம்பு நீர்மட்டம் இறங்கியதும் தானே நின்றுவிடும், ஆழத்துக்குப் போகும் சூரியப் பம்பு நிற்காது. இலவச மின்சாரத்தால் கோவைப் பக்கம் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டிய கதை நமக்குத் தெரியும்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும், கென்யாவில் ஊரோடு சேர்ந்து மார்ச் மாதப் பெருமழைக்கு நட்டால் ஊரோடு சேர்ந்துதான் விற்க வேண்டும். விலை அடிமட்டத்தில் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான குறுமழையின் நடுவில் தக்காளி நாற்றை நட்டு, மழை விட்டபின் பம்பு நீரால் காய்ப்பிடிக்க வைத்தால், வரத்து குறைந்த பிப்ரவரியில் சந்தைக்குக் கொண்டுபோகலாம். மழை ஈரத்தில் கருகல் நோய் வரும் ஆபத்து இதில் உண்டு. அதற்கான மருந்துச் செலவையும் பம்பு வாங்கும் கணக்கிலேயே சேர்த்துப் பார்க்க வேண்டும்.