ஆதாரமா, மூலமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பிள்ளைகள் கல்லூரியில் எழுதும் இடுபணிகளைப் படித்துத் திருத்தித் தருகிறேன். 'ஆதாரங்களின் உண்மைத்தன்மையை மதிப்பிடுக' என்ற கட்டளை அவற்றில் ஓயாமல் வருகிறது. இதில் இரண்டு சொற்களுமே பிழை.

ஆதாரம் என்பது தாங்குவது, பற்றுக்கோடு. மூலம் என்பது வேர், தொடக்கம். இரண்டும் வடசொற்கள். இதே பொருளில் வழங்கும் மலாய்மொழியின் 'சும்பெர்' நீரூற்றைக் குறிக்கும். ஆங்கிலத்தின் 'சோர்ஸ்' என்பதும் மேலெழும் ஊற்றிலிருந்து வந்ததுதான். ஆக, செய்தி எங்கிருந்து புறப்பட்டதோ அது மூலம். அச்செய்தி ஒரு கூற்றைத் தாங்கி நின்றால்தான் அது ஆதாரம். தாங்குமா, தாங்காதா என்று பார்ப்பதற்குத்தான் மாணவரை உட்கார வைத்திருக்கிறோம். எடுத்த எடுப்பிலேயே ஆதாரம் என்று பெயர் சூட்டுவது, தீர்ப்பை எழுதிவிட்டு வழக்கை விசாரிப்பது போன்றது.

'உண்மைத்தன்மை' செய்யும் கேடு இன்னும் பெரிது. எங்கள் ஊர் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் அருகே மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டிப் பிரிட்டிஷ் அரசு அவசரகாலத்தை அறிவித்தது. அக்கால அரசு ஆவணம் போலியன்று, உண்மையான ஆவணமே. நாளுக்கும் இடத்துக்கும் அதை நம்பலாம். ஆனால் தன்னை எதிர்த்துக் காட்டில் ஆயுதம் ஏந்தியவர்களை முதலில் 'கொள்ளையர்' என்று எழுதிய அதே அரசு, 1952இல் 'கம்யூனிஸ்ட் பயங்கரவாதிகள்' என்று மாற்றிக்கொண்டது. ஆட்கள் மாறவில்லை, எழுதியவரின் தேவைதான் மாறியது. அவர்கள் ஏன் காட்டுக்குள் போனார்கள் என்று அறிய அந்த ஆவணம் மட்டும் போதாது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், வாழ்ந்த பாட்டி, தோட்டத்து மக்களை ஓரிடத்தில் சேர்த்து வேலி போட்டதையும் வாசலில் அரிசியைச் சோதித்ததையும் சொல்வார். அதற்கு அவரைவிட நல்ல மூலம் ஏது? ஆனால் தேதிக்கு அவரை மட்டும் நம்பக் கூடாது. ஒரே மூலத்தை ஒரு கேள்விக்கு நம்பலாம், இன்னொன்றுக்கு நம்ப முடியாது. இந்த ஏற்ற இறக்கத்துக்கு 'உண்மைத்தன்மை' என்ற சொல்லில் இடமே இல்லை.

இக்குழப்பம் மலாய் வழியாக வந்தது என்பது என் முடிவு. மெய்யானதா, செல்லத்தக்கதா என்று கேட்பது 'கெசாஹிஹான்'. அரபுச் சொல்லான சாஹிஹ் அதன் அடி. 'கெபோலேபெர்ச்சாயாஆன்' வேறு: 'போலே' என்றால் முடியும், 'பெர்ச்சாயா' என்றால் நம்பு. நம்பத்தக்க நிலை என்று அச்சொல்லே விண்டு சொல்கிறது. அதைப் பிரித்துப் பார்க்கும் பொறுமைகூட இல்லாமல் இரண்டுக்கும் 'உண்மைத்தன்மை' என்று எழுதிவிடுகிறார்கள்.

நான் பரிந்துரைப்பது நம்பகம். 'நம்பகத்தன்மை' பரவலாகிவிட்டது, அதைப் பிழையென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நம்பகம் என்றாலே நம்பத்தக்க தன்மைதான். அதற்கு இன்னொரு 'தன்மை' எதற்கு? எளிமைத்தன்மை, பொறுமைத்தன்மை என்று எதைக் கண்டாலும் இந்த வாலை ஒட்டுவது மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. 'மை' ஏற்கெனவே பண்பைச் சொல்லிவிட்டது என்பது அவர்கள் காதில் விழுவதில்லை.

மூலம் வடசொல், ஆகவே விலக்கு என்போரும் உண்டு. எனக்கும் தூய தமிழில் பற்று உண்டு. ஆனால் 'மூலமும் உரையும்' என்று நாம் தலைமுறை தலைமுறையாக அச்சிட்டு வருகிறோம். குறள் மூலம், பரிமேலழகர் உரை. குறளை ஆராய்பவருக்கு முதன்மை மூலம் எது, இரண்டாம் நிலை மூலம் எது என்பது இந்த ஒரு தொடரிலேயே விளங்கிவிடுகிறது. இவ்வளவு தெளிவு தரும் சொல்லைத் தள்ளிவிட்டு, இன்னொரு வடசொல்லான ஆதாரத்தை வைத்துக்கொள்வது எந்தத் தூய்மை?

ஆராயாமல் நம்புவதைத் 'தேரான் தெளிவு' என்றார் வள்ளுவர். அங்கே தெளிவு என்றால் நம்புதல். தேர்வதும் தெளிவதும் வேறு வேறு என்று அவர் பிரித்தே வைத்திருக்கிறார்.

'இம்மூலம் எதற்கு, எந்த அளவுக்கு நம்பத்தக்கது?' என்று கேளுங்கள். விக்கிப்பீடியா கட்டுரை ஒன்றைக் கொடுத்து அப்படிக் கேட்டால், யார் எழுதியது, எப்போது, எதைப் பார்த்து என்று மாணவர் அடிக்குறிப்புகளைத் துழாவுவார். உண்மையா என்று கேட்டால் 'ஆம்' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.