ஆடியோ ஸ்லைடு ஷோ: தமிழில் என்ன சொல்வது?

அசையாத படங்களை வரிசையாகக் காட்டி, மேலே ஒரு குரலை ஓடவிட்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் கதையை முடிப்பது ஆடியோ ஸ்லைடு ஷோ.

'ஸ்லைடு' என்றால் நழுவுதல். 17ஆம் நூற்றாண்டில் வந்த மாய விளக்கு என்ற படங்காட்டும் கருவியில், ஓவியம் தீட்டிய கண்ணாடித் துண்டை ஒளிக்கு முன்னால் நகர்த்திச் செருகினார்கள். அந்த நகர்த்தலே பெயரானது. 1961இல் வந்த கோடாக் கரவுசல் என்ற படங்காட்டும் கருவியின் வட்டத் தட்டில் 80 பிலிம் ஸ்லைடுகள் உட்கார்ந்தன. இன்று கணினியில் நழுவ ஒன்றுமில்லை, சொல் மட்டும் தங்கிவிட்டது.

தமிழில் 'நழுவம்' என்பது நேர் மொழிபெயர்ப்பு, வாயில் நிற்கவில்லை. 'படவில்லை' நிற்கிறது. சந்தன வில்லை, மூக்குக்கண்ணாடி வில்லை என்று தட்டையான சிறு துண்டுக்கு நாம் சொல்லிவந்த சொல்தானே. ஆனால் 'படவில்லைக் காட்சி' என்றால் அலுவலகக் கூட்டம்தான் நினைவுக்கு வரும், கதை வராது. 'ஒலிச்சித்திரம்' வானொலியில் சினிமா வசனத்தைச் சுருக்கி ஒலிபரப்பியதற்கு ஏற்கெனவே போய்விட்டது. வெறும் 'படக்கதை' என்றால் காமிக்ஸ். எனவே 'குரற்படக்கதை' என்பதே பொருத்தம். குரல் முன்னால் நிற்பது காரணத்தோடுதான்: முதலில் குரலைப் பதிந்து, அதன்மேல்தான் படங்களை அடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் படம் தீர்ந்தபிறகும் பேச்சு ஓடும்.

செட்டிநாட்டுத் தரையில் பதிக்கும் பூவேலைக் கல்லான ஆத்தங்குடிக் கல் தயாராவதை எடுத்துக்கொள்வோம். இரண்டு நிமிடத்துக்குப் படத்துக்கு ஆறு விநாடி வீதம் 20 படங்கள் போதும்: கண்ணாடி, அதன்மேல் இரும்புச் சட்டம், பூ அச்சு, அச்சுக்குள் ஊற்றும் வண்ணச் சிமெண்டு, மேலே தூவும் காய்ந்த கலவை, அதன்மேல் ஈரக் கலவை, தண்ணீர்த் தொட்டி, கடைசியில் கண்ணாடி பிரிகிற கணம். வண்ணம் ஊற்றும் படத்தில் "வண்ணம் ஊற்றுகிறார்" என்று குரலும் சொன்னால் அந்த ஆறு விநாடி வீண். படத்தில் தெரியாததைச் சொல்ல வேண்டும்: இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை, பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. கண்ணாடி பிரியும் படத்துக்கு மட்டும் பத்து விநாடி கொடுத்து, குரலை நிறுத்திவிடலாம். வாக்கியத்தின் நடுவில் படம் மாறக் கூடாது. மூச்சு விடும் இடத்தில் மாறட்டும்.

குரலைச் செட்டிநாட்டு வீட்டின் கூடமான பட்டகசாலையில் பதிவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவர், கல்தரை, உயர்ந்த கூரை மூன்றும் சேர்ந்து எதிரொலிக்கும். வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டில் மெத்தை, துணிமூட்டை கிடக்கும் சிறு அறைதான் நல்லது. மின்விசிறியை நிறுத்தி, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வைக்க வேண்டும். நேரே வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். பேசி முடித்தபின் அரை நிமிட வெற்று அறை ஒலியையும் பதிந்துகொண்டால் வெட்டு விழும் இடங்களை அதைக் கொண்டு ஒட்டலாம். எதிரொலியோடு பதிந்த குரலை மென்பொருளால் துடைத்தால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும்; திரும்பப் பதிவதே சீக்கிரம் முடியும்.